பக்கத்துக் காணியில் பைலிங், நம் சுவரில் வெடிப்பு

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் ஆறு பேர்ச் காணியிலும் மாடி எழும்புகிறது. பக்கத்தில் பைலிங் அடிக்க, நம் சுவரில் வெடிப்பு விழுகிறது. 'வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறதே' என்று கம்பனிக்குப் போனால் அநேகமாக வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். தீ, மின்னல், வெள்ளம் எனப் பத்திரத்தில் பெயர் குறித்த ஆபத்துகளுக்கே சாதாரண வீட்டுக் காப்புறுதி நட்டஈடு கொடுக்கும். அயலவர் தோண்டியதால் வந்த வெடிப்பு பெரும்பாலும் அதில் அடங்காது.

கேட்க வேண்டிய இடம் வேறு. ஒப்பந்தக்காரர் எடுக்கும் காப்புறுதியில் மூன்றாம் தரப்பினருக்கான பொறுப்பும் உண்டு. ஆனால் அதிர்வாலும் நிலத்தின் தாங்குதல் குறைவதாலும் வரும் சேதத்தை அதில் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வீடு முன்னர் நல்ல நிலையில் இருந்ததற்கு ஆதாரமும் கேட்பார்கள்.

ஆகவே வேலை தொடங்க முன்னரே சுவர்களைத் திகதியுடன் படம் பிடியுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம் வெடிப்பு ஆய்வும் செய்விக்கலாம். கட்டுபவரும் தன் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியொன்றை அயலவருக்குத் தாமாகவே கொடுப்பதுதான் முறை.

நட்டஈட்டு வழக்குக்குச் சட்டம் தரும் அவகாசம் 2 வருடங்களே. முகத்தாட்சண்யத்துக்காக அதைக் கடத்திவிட்டுப் பிறகு பகைப்பதை விட, முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்வது அயல் உறவுக்கும் நல்லது.