இருளின்மேல் பொன்



புனேயில் குடியேறிய நம் குடும்பங்களில் இந்நகரின் இரவை அறியாதவர் எவரும் இலர். ஹிஞ்சவடியில் இரவுப்பணி முடித்து விடியற்காலையில் வீடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. பிம்பிரி, சிஞ்ச்வட் ஆலைகளில் மூன்றாம் ஷிப்ட் பார்த்தே முதிர்ந்த தகப்பன்மாரும் உண்டு. இந்த இரவை எண்ணெய் வண்ணத்திலும் தங்க ரேக்கிலும் தீட்டுவது ஒரு கலை. நம் வாலிபரில் ஒருவர் அதில் நாட்டம் கொண்டால் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "இது சோறு போடுமா?" அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் விடை கூறுமுன், அவ்வேலை இன்னதென்று அறிந்துகொள்வது நலம்.

இரவைத் தீட்டுகிறவன் வெறும் கறுப்பைப் பூசுவதில்லை. வெறும் கறுப்பு படத்தைச் சாகடித்துவிடும். அடர்நீலத்தையும் பழுப்பையும் கலந்து, உயிருள்ள இருளை உண்டாக்குகிறான். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேற்பூச்சுகளில் அதிகமாகவும் இருக்கவேண்டும். இம்முறை மாறினால் நாளடைவில் படம் வெடிக்கும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகி உலர்வதன்று. காற்றோடு கலந்து மெல்ல மெல்ல இறுகுவது. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாட்கள் போதும். உள்ளும் புறமும் இறுகப் பல மாதங்கள் செல்லும். அவசரக்காரனுக்கு இத்தொழிலில் இடமில்லை.

தங்க ரேக்கோ இன்னும் மென்மையானது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கு. விரலால் தொட்டால் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும். ஆகையால் தட்டையான மெல்லிய தூரிகையால் எடுத்து, பசை பூசிய இடத்தில் இடுகிறார்கள். பசை மிகவும் ஈரமாயிருந்தால் பொன் மங்கும். முற்றும் உலர்ந்துவிட்டால் ஒட்டாது. ஏற்ற வேளைக்குக் காத்திருக்கவேண்டும். பித்தளையில் செய்த போலி ரேக்கும் கடையில் கிடைக்கும். முதல் நாளில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். காப்புப் பூச்சு இல்லாவிட்டால் போலி நாளடைவில் கறுத்துவிடும், மெய்ப்பொன்னோ கறுப்பதில்லை.

இக்கலை நமக்கு அந்நியமானதன்று. பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் குழைத்த மக்கினால் மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு பதிப்பதே தஞ்சாவூர் ஓவியம். அதை ஆதரித்து வளர்த்தவர்கள் மராட்டிய மன்னர்கள். சிறுவயதில் புனேயில் வளர்ந்த சிவாஜியின் மாற்றாந்தாய் மகனாகிய வெங்கோஜி, 1676-இல் தஞ்சையில் அவ்வரசை நிறுவினார். இந்த மண்ணின் குடும்பம் ஒன்று நம் நாட்டுக்குப் பெயர்ந்து சென்று, நம் கைவினைஞரின் பொன்வேலையைத் தாங்கியது. அவ்வழியில் வந்த இரண்டாம் சரபோஜி, சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்தவர். அக்கலை பெரும்பாலும் தெய்வ உருவங்களையே தீட்டியது என்பது உண்மை. ஆயினும் ரேக்குக்கும் பசைக்கும் எந்தப் பொருளையும் தீட்டும் தகுதி உண்டு. நகரத்தின் விளக்குகளையும் அவற்றால் தீட்டலாம்.

இரவைத் தீட்டிய இருவரை நினைவுகூர்வோம். வின்சென்ட் வான்கோ, பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கப் பகுதியில் 1879-இல் சுவிசேஷம் சொல்லிவந்தவர். தம் உடைகளையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வைக்கோலில் படுத்தார். அந்தத் தீவிரம் கண்டு முகஞ்சுளித்த குழுவினர் அவரது நியமனத்தைப் புதுப்பிக்கவில்லை. 1888 செப்டம்பரில் ஆர்ல் நகரின் ரோன் ஆற்றங்கரையில், ஊரின் விளக்குகள் தண்ணீரில் நீண்டு நடுங்குவதையும் மேலே நட்சத்திரங்களையும் ஒரே துணியில் தீட்டினார். அவர் பொன் பதிக்கவில்லை. மஞ்சள் வண்ணமே அவருக்குப் பொன்னாயிற்று.

மற்றவர் விஸ்லர். லண்டன் இரவில் வாணவேடிக்கையின் பொறிகள் சிதறும் காட்சியைக் கறுப்பும் பொன்னுமாகத் தீட்டினார். ரஸ்கின் என்னும் புகழ்பெற்ற விமர்சகர் அதை இகழ்ந்து எழுத, விஸ்லர் 1878-இல் வழக்காடினார். இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று வழக்கறிஞர் மடக்கியபோது, வாழ்நாளெல்லாம் பெற்ற அறிவுக்கே அவ்விலை என்றார். வழக்கில் வென்றார்; கிடைத்த நஷ்டஈடோ ஒரு பார்த்திங், அதாவது கால் பென்னி. மறு ஆண்டே கடனில் மூழ்கித் திவாலானார்.

ஆகவே பெற்றோரே, இது உடனே சோறு போடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீண் என்றும் சொல்லாதிருங்கள். ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொன்வேலை செய்யப் பெசலெயேலைப் பேர்சொல்லி அழைத்து, ஞானத்தினால் நிரப்பியவர் தேவனே (யாத். 31). பிள்ளை வேலைக்குச் சென்றுகொண்டே மாலையில் பயிலட்டும். போலி ரேக்கில் கைப்பழகிய பின்பு மெய்ப்பொன் வாங்கட்டும். முழுநேரமாய்க் கற்க விரும்பினால், திலக் சாலையின் அபிநவ கலா மகாவித்யாலயம் போன்ற கல்லூரிகள் இந்நகரிலேயே உண்டு. முதல் படத்தை ஒருவரும் வாங்காவிட்டால் வீட்டுச் சுவரில் மாட்டுங்கள், பரிகசிக்காதிருங்கள்.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பொன்னுக்குச் சொந்த வெளிச்சமில்லை. அறையின் விளக்கை அணைத்தால் ரேக்கும் இருண்டுபோம். விளக்கை இடம் மாற்றினால் அதன் ஒளியும் இடம் மாறும். அது வாங்கிக் கொடுக்கிறதேயன்றி உண்டாக்குகிறதில்லை. தாலந்தும் அப்படியே. உடன்படிக்கைப் பெட்டி வெளியே மட்டுமல்ல, ஒருவர் கண்ணும் படாத உட்புறத்திலும் பொன்னால் மூடப்பட்டதை மறவாதிருங்கள் (யாத். 25:11).

பர்வதி குன்றின்மேல் நின்று இந்நகரின் விளக்குகளைத் தீட்டும்போது, ஒவ்வொரு ஒளிப்புள்ளிக்குப் பின்னாலும் விழித்திருக்கும் ஒருவரை நினையுங்கள். மருத்துவமனைத் தாதியும், காவலாளியும், கணினிமுன் அமர்ந்திருக்கும் உங்கள் அண்ணனும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பின்மேல் ஒரு துளிப் பொன்னை இடுங்கள்.

இராக்காலமே இல்லாத நகரம் ஒன்று நமக்கு உண்டு (வெளி. 21:25). அதைக் காணுமட்டும், இந்த நகரத்தின் இரவையும் அன்போடு பார்க்கும் கண்களைக் கர்த்தர் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வாராக.