ஃபார்மேட் செய்வதற்கு முன்னால் ஒரு ராத்திரி

சென்ற மாதம் இங்கே ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கம்ப்யூட்டருக்குத்தான். விசாரித்த நண்பர்களுக்கு நன்றி.

தட்டச்சு செய்துகொண்டே இருப்பேன், திடீரென்று திரை நீலமாகிவிடும். ஆங்கிலத்தில் ஏதோ பிழைச் செய்தி வரும், பிறகு தானாகவே அணைந்து மறுபடி கிளம்பும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "விண்டோஸ் போயிடுச்சு சார், ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார் கடைத் தம்பி. ஐநூறு ரூபாய். பத்து நாள் ஓடியது, மறுபடி நீலம். மறுபடி ஃபார்மேட், மறுபடி ஐநூறு. மூன்றாவது தடவையும் அதே கதை. அதற்குப் பிறகு, "மதர்போர்டே போச்சு சார், புதுசா வாங்கிடுங்க" என்றார்.

எங்கள் மாடியில் குடியிருப்பவர் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன்தான் கேட்டான்: "தாத்தா, நீலத் திரையில ஒவ்வொரு தடவையும் ஒரே பிழை வருதா, வேற வேறயா?" யு.டி.சி. பழக்கம் போகுமா? நான் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தேன். ஐந்து தடவையில் நான்கு விதம். "அப்போ ராமைத்தான் முதல்ல சந்தேகப்படணும்" என்றான்.

நான் படித்த பிரெஞ்சில் ராமுக்கு 'மெமுவார் வீவ்' என்று பெயர், உயிருள்ள நினைவு. எழுதுவது, திறப்பது, நகலெடுப்பது எல்லாம் அந்தச் சின்ன அட்டை வழியாகத்தான் போய் வருகின்றன. அதில் ஒரு சில்லு கெட்டால் இன்று இந்த நிரல் விழும், நாளை வேறொன்று விழும். அதனால்தான் ஃபார்மேட் செய்து பயனில்லை. புது விண்டோஸும் அதே கெட்ட அட்டையில்தானே வந்து உட்கார வேண்டும்!

பையன் ஒரு பென் டிரைவில் மெம்டெஸ்ட் என்ற நிரலைப் போட்டுக்கொண்டு வந்தான். அது ஒவ்வொரு அறையிலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதுதான் இருக்கிறதா என்று பார்க்கும். இருபது நிமிடத்தில் சிவப்பு வரிகள். என் பெட்டியில் 4 ஜிபி அட்டைகள் இரண்டு. மின்சார வயரைக் கழற்றிவிட்டு ஒன்றை எடுத்தோம், மற்றதை மட்டும் வைத்து ராத்திரி முழுக்க ஓட்டினோம். சுத்தம். காலையில் எடுத்து வைத்ததை மாட்டினால் மறுபடி சிவப்பு. பின்களை ரப்பரால் துடைத்தோம், துளையை மாற்றிப் போட்டோம், அப்போதும் சிவப்பு. குற்றவாளி அந்த அட்டைதான். பழைய மாடல் என்பதால், மூன்று ஃபார்மேட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவான காசில் வேறொன்று கிடைத்தது.

கடைத் தம்பியை ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். ஃபார்மேட் ஒரு மணி நேரத்தில் முடியும், காசு நிச்சயம். சோதனைக்கு ஒரு ராத்திரி வேண்டும், அதற்கு யார் காசு கொடுப்பார்கள்? நாம்தான் கொடுக்க வேண்டும் என்கிறேன். "முதலில் ராமை ஒரு ராத்திரி சோதித்துவிட்டு மற்றதைப் பேசுங்கள், அதற்கும் கூலி தருகிறேன்" என்று சொல்லுங்கள். சுத்தம் என்று வந்தால் பிறகு பவர் சப்ளையையோ சூட்டையோ சந்தேகப்படட்டும். வீட்டிலேயே பார்க்கலாம் என்பவர்கள், ஸ்டார்ட் பெட்டியில் 'மெமரி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் விண்டோஸின் சொந்தச் சோதனையே வரும்.

எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. எங்கள் பள்ளியில் பெருக்கல் கணக்கு போட்டால் ஒன்பதால் சரிபார்க்காமல் விடமாட்டார்கள், 'ப்ரூவ் பார் நெஃப்'. 1981-இல் ஐபிஎம் விற்ற முதல் பிசியிலும் இப்படி ஒரு காவல் இருந்தது. எட்டு பிட்டுக்கு ஒன்பதாவதாக ஒரு சரிபார்ப்பு பிட். இரண்டும் முழுக் காவல் இல்லைதான். இலக்கம் இடம் மாறினால் எங்கள் ஒன்பதும் கண்டுபிடிக்காது. ஆனாலும் ஒரு காவல். பிற்பாடு விலையைக் குறைக்க வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதை எடுத்துவிட்டார்கள். சர்வர்களில் மட்டும் இன்றும் பிழையைத் திருத்தும் ராம் போடுகிறார்கள். நிறுவனத்தின் கணக்குக்கு இருக்கும் காவல் நம் வீட்டுக் காகிதத்துக்கு வேண்டாமா?

நீலத் திரையாவது சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறது. சொல்லாமல் செய்வதுதான் கொடுமை. சைகோனில் வேலை பார்த்தபோது அப்பா எழுதிய 38 கடிதங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். முதல் ஃபார்மேட்டுக்கு முன் பத்திரமாக இருக்கட்டும் என்று இந்தக் கம்ப்யூட்டர் வழியாகவே பென் டிரைவுக்கு மாற்றினேன். இப்போது திறந்து பார்த்தால் நான்கு கடிதங்களில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். மூலக் காகிதங்கள் கரையானுக்குப் போய்ப் பல வருஷமாகிறது.

அதில் ஒன்று அக்காவின் கல்யாணத்தைப் பற்றியது. அப்பா என்ன முடிவு எழுதியிருந்தார் என்று அக்காவுக்கே போன் போட்டுக் கேட்டேன். அவளுக்கும் ஞாபகமில்லை.