ஷாட்கன் கைப்பிடியைச் சட்டம் ஏன் பார்க்கிறது?

சரி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஷாட்கன்னின் வழக்கமான ஸ்டாக் தோளில் பதியும். கன்னமும் அதில் சாயும். குறி நிலையாக நிற்கும், சுடும்போது வரும் உதையைத் தோள் வாங்கிக்கொள்ளும். பிஸ்டல் கிரிப் என்பது விசைக்குப் பின்னால் கீழே நீளும் தனிப்பிடி. ஸ்டாக்கோடு சேர்ந்து வந்தால் பிடிப்பு இறுகும். ஸ்டாக்கே இல்லையென்றால் துப்பாக்கி குட்டையாகும். ஆனால், உதை முழுக்க மணிக்கட்டுக்குத்தான். குறி பார்ப்பதும் கஷ்டம்.

அமெரிக்காவில் இது வெறும் வசதிப் பிரச்னை இல்லை. 1994 முதல் 2004 வரை இருந்த மத்திய அரசின் தடை, பிஸ்டல் கிரிப் மட்டும் இருந்தால் செமி-ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னுக்குப் பொருந்தவில்லை; இன்னொரு அம்சமும் வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 10-ல் வந்த இல்லினாய்ஸ் மாநிலச் சட்டத்துக்கு பிஸ்டல் கிரிப் ஒன்றே போதும். ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் மாநிலப் போலீஸிடம் விவரம் பதிய வேண்டும். கையால் இழுத்துச் சுடும் பம்ப் ஷாட்கன்னுக்கு இந்தத் தடை கிடையாது.

‘பிடியை மாற்றினால் தோட்டாவின் வேகமா குறையும்?’ என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். ‘வேகமாகச் சுடும்போது துப்பாக்கியை அடக்க உதவுவதே அந்தப் பிடிதானே’ என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். வாங்குபவருக்கோ, தோளுக்கு எது சுகம் என்பதற்கு முன்பே, தன் மாநிலம் எதை அனுமதிக்கிறது என்ற கேள்வி வந்து நிற்கிறது.