பேனருக்குப் பணம் உண்டு

கடலூர் சாலையில் தவளக்குப்பத்தைத் தாண்டிப் போகிற எவரும் நம்மை ஏழை ஊர் என்று சொல்லிவிட மாட்டார்கள். மஞ்சள் நீராட்டு விழா பேனரில் தாய்மாமன்கள் வரிசையாக நிற்க, அவர்கள் தலைக்கு மேல் ஒரு நடிகர் கைகூப்பிக்கொண்டிருப்பார். பெரிய படம் வெளியானால் அதற்குத் தனி பேனர், பட்டாசு, பால் குடம். அன்று ராத்திரிக்குள் அந்தப் பேனரில் முகம் போட்டவர்களிலேயே சிலர், அந்தப் படத்தைப் போனில் திருட்டுத்தனமாகப் பார்த்து முடித்திருப்பார்கள்.

ஏன் என்று யாராவது கேட்டால் டிக்கெட் விலையைச் சொல்வோம். குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் போய்வந்தால் ஆயிரம் ரூபாய் போய்விடும், பாப்கார்ன் விலை டிக்கெட்டையே மிஞ்சுகிறது என்போம். பொய் இல்லை. ஆனால் விலையைக் குறைத்தால் வாங்குவோமா? 2015-இல் இயக்குநர் சேரன் ‘சினிமா டு ஹோம்’ என்று ஒரு திட்டம் தொடங்கி, ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீட்டுக்கே கொண்டுவந்தார். திட்டம் நிலைக்கவில்லை. தியேட்டர்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, விநியோகத்திலும் சிக்கல்கள் இருந்தன. பழி முழுக்க நம்முடையது இல்லைதான். இருந்தாலும், சேரன் டிவிடி வாங்கின வீடு ஒன்றைக் காட்டு என்றால் நம் தெருவில் யார் கை தூக்குவது?

ஓடிடி வந்த பிறகு இன்னொரு சாக்கு கிடைத்தது. எந்தப் படம் எந்த ஆப்பில் என்று தேடுவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது, நாலு ஆப்புக்குக் கட்டினாலும் தேடுகிற படம் ஐந்தாவதில் இருக்கிறது. இது நியாயமான குறைதான், கம்பெனிகள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் பல தமிழ்ப் படங்கள் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. நாலு வாரம் பொறுக்க நம்மால் ஏன் முடியவில்லை? திங்கட்கிழமை டீக்கடையில் எல்லோரும் கிளைமாக்ஸைப் பற்றிப் பேசும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார நமக்கு வெட்கம். “இன்னாண்ணே, இன்னும் பாக்கலியா? லிங்க் அனுப்பறேன்” என்று தம்பி ஒருவன் கேட்டுவிட்டால் மானம் போய்விடுகிறது. காசை மிச்சம் பிடிப்பதைவிடப் பின்தங்கிவிடக் கூடாது என்பதுதான் பெரிதாக இருக்கிறது.

கஞ்சத்தனம் நம் குணமே இல்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும்போது அர்ச்சுனன் வேஷக்காரர் மார்பில் நூறு ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வருகிறவர்கள் நாம். கட்டியக்காரன் மைக்கில் நம் பெயரைச் சொல்வான், ஊர் கேட்கும். போன் திரையில் பெயர் சொல்ல யாரும் இல்லை. வாங்குகிற முகமும் தெரியாது, கொடுக்காமல் போனால் பார்க்கிற கண்ணும் கிடையாது. வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்த காலத்தில் வீட்டுக்கு வீடு வசூல் போட்டு ராத்திரிக்கு மூன்று படம் பார்த்தோமே, அந்த கேசட்டுகள் யாரிடம் அனுமதி வாங்கி வந்தன என்று அப்போதும் நாம் கேட்டதில்லை.

இணையம் நமக்கு இப்படி அறிமுகமாகவில்லை என்பதுதான் உறுத்துகிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து நம் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26-இல், பக்கத்து நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரிக்க, அங்கிருந்த தகவல் மையத்து ஒலிபெருக்கிதான் ஊரையே கரையைவிட்டு ஓடவைத்தது. சொன்னவர் யார், கேட்டவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். 2016-இல் ஜியோ வந்து டேட்டாவைக் கொட்டியபோது, யார் தருகிறார் என்று தெரிந்து வாங்குகிற அந்தப் பழக்கத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. 2020-இல் திருட்டுப் படத் தளமான தமிழ்ராக்கர்ஸ் முடங்கியது. நமக்கு ஒரு நாள்கூடத் தட்டுப்பாடு தெரியவில்லை. 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பவருக்கும் பரப்புபவருக்கும் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம் என்றார்கள். நம் வீட்டுக் கதவை யாரும் தட்டப் போவதில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிட்டோம்.

புத்தகம் படிக்கிறவர்கள் சினிமா பார்க்கிறவர்களைவிட யோக்கியம் என்று மார்தட்டவும் வழியில்லை. புதுச்சேரி மண்ணில் பிறந்து எழுத்தை மட்டுமே நம்பி வாழ்ந்தவர் பிரபஞ்சன். ‘வானம் வசப்படும்’ பிடிஎஃப் இருக்கிறதா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்கும்போது அந்த வாழ்க்கை நம் நினைவுக்கு வருவதில்லை. பாரதிதாசன் எழுத்துகள் நாட்டுடைமையானவை, சட்டப்படியே இலவசம்; அவற்றைக் கேட்டு எந்தக் குழுவிலும் யாரும் நச்சரித்ததில்லை.

இலவசம் என்று நாம் நம்புகிற படத்துக்கும் யாரோ பணம் கட்டுகிறார்கள். தியேட்டர் பிரிண்ட்டை உற்றுப் பார்த்தால் தெரியும். ஒருவர் எழுந்து போகும்போது அவர் தலை குறுக்கே நகரும், பின்னால் விசில் கேட்கும். திரையின் மூலையில், சில சமயம் கதாநாயகியின் முகத்தின் மேலேயே, ஒரு சூதாட்ட ஆப்பின் பெயர் மினுக்கும். அந்தப் பெயரைப் பத்து வயதுப் பிள்ளையும் நம் மடியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறது. பிறகு அதே மாதிரி ஆப்பில் சீட்டுப் பணத்தைத் தொலைத்து, பைக்கை விற்று, வீட்டுக்குத் தெரியாமல் கடன் வாங்கின பையன்களைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து வருத்தப்படுகிறோம். சேர்க்கை சரியில்லை என்கிறோம். அந்தப் பெயரை அவன் முதலில் எங்கே பார்த்தான் என்று மட்டும் எந்த வீட்டிலும் கேட்கவில்லை.