கிடார் பழசாக இருக்கட்டும், கம்பி சரியாக இருக்கட்டும்

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் உத்தமபாளையம் வட்டத்தில் இருக்கிறது. தமிழ்த் திரைப்பாட்டில் பேஸ் கிடாருக்குத் தனி வாழ்வு கொடுத்தவர் அவர் என்று சொன்னால் மறுக்க ஆளிருக்காது. தாளத்தின் காலடியில் ஒதுங்கிக் கிடந்த வாத்தியத்தை, பாடகரின் மெட்டுக்குப் பதில் மெட்டுப் பேசும் குரலாக ஆக்கினார். ‘மூடுபனி’ (1980), ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) போன்ற படங்களின் பாடல்களில் பேஸ் போகிற போக்கை மட்டும் தனியாகப் பிரித்து முணுமுணுக்கும் ரசிகர்கள் இன்றும் உண்டு. அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரைக் கதாநாயகன் பெயர்போலச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த ஊர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் இளைஞர் இந்த வாத்தியத்தை வாங்கக் கிளம்பினால் இரண்டு யோசனைகள்தான் அவர் காதில் விழும். ஒன்று, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் புதுக் கிடாரை வாங்கிவிடு. மற்றது, கீபோர்டுக்காரரின் இடது கை போதும், உனக்கு எதற்கு இந்த வேலை. இரண்டுமே தவறு என்பது என் கட்சி. நல்ல கையில் இருந்த பழைய பேஸ் ஒன்றை வாங்கி, கையிலுள்ள பணத்தில் நான்கில் ஒரு பங்கையாவது கம்பிக்கும் செட்டப்புக்கும் (நெக்கையும் கம்பியின் உயரத்தையும் சரிசெய்யும் வேலைக்கும்) ஒதுக்குவதுதான் சரியான கணக்கு.

பழசை ஏன் நம்பலாம்? பேஸ் கிடார் அடிப்படையில் எளிய பொருள். லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘பிரிசிஷன் பேஸ்’ மாதிரிதான் இன்றைக்கும் பெரும்பாலான கிடார்களுக்கு அடிப்படை: ஒரு மரப்பலகை, ஒரு நெக், நான்கு கம்பி, காந்தச் சுருள், இரண்டு மூன்று திருகுகள். வால்யூம் திருகு கரகரத்தால் மாற்றிவிடலாம். டியூனிங் கீ தளர்ந்தால் வேறு போடலாம். மாற்றுவதற்குச் சிரமமானது நெக் ஒன்றுதான். நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ விசையோடு அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பத்து வருடம் அந்த இழுப்பைத் தாங்கியும் நேராக நிற்கும் நெக் தன் தரத்தைத் தானே நிரூபித்துவிட்டது. மலிவான புதுக் கிடாரின் நெக் இனிமேல்தான் பரீட்சை எழுதப்போகிறது. அதன் மரம் சரியாக உலர்ந்திருக்கிறதா என்பது கூடலூர்ப் பக்கம் சாரல் அடிக்கும் ஆடி மாதத்தில்தான் தெரியவரும். ஆகவே பழசை வாங்கப் போகிறவர் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல முதலில் நெக்கைப் பார்க்க வேண்டும். கம்பியை முதல் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு நடுவில் பார்த்தால், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருப்பது நல்லது. நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் டிரஸ் ராடின் திருகு தேய்ந்து ஆலன் கீ வழுக்கினாலோ, தலைப்பில் எந்தப் பெயர் மின்னினாலும் திரும்பி நடந்துவிடலாம். உடம்பில் இருக்கும் கீறலுக்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஒலிக்கும் அந்தக் கீறலுக்கும் சம்பந்தமில்லை.

விற்பவர் வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்பும் வீடியோவை வைத்து முடிவெடுப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பேஸின் தடித்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. கைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் அந்த அதிர்வை எழுப்பவே முடியாது. மேலே ஒலிக்கும் துணைச்சுரங்களை வைத்துக் கீழ்ச்சுரத்தை நம் மூளைதான் ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. அதாவது, எந்த ஒலிக்காகக் காசு கொடுக்கிறோமோ அது அந்த வீடியோவில் இல்லவே இல்லை. நேரில் போய், ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஒவ்வொரு பிரெட்டாக அழுத்திக் கேட்க வேண்டும். அகலப்பாதையில் 2022 மே மாதம் தேனிக்கும், அடுத்த ஆண்டு போடிக்கும் ரயில் வந்த பிறகு மதுரையில் இருக்கும் கிடாரைப் பார்த்துவருவது பெரிய செலவும் இல்லை.

இனி கம்பி. வாங்குகிறவர்கள் கடைசியில் யோசிக்கும் விஷயம் இது. என் கணக்கில் பாதி ஒலி இதில்தான் இருக்கிறது. முதலில் நீளம். நெக்கின் தலைப்பக்கம் இருக்கும் நட்டிலிருந்து உடம்பில் இருக்கும் பிரிட்ஜ் வரை டேப் வைத்து அளந்தால் பெரும்பாலான பேஸ்களில் 34 அங்குலம் வரும். பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் வயலின் பேஸ் போன்ற குட்டைக் கிடார்களில் அது 30 அங்குலத்தை ஒட்டி இருக்கும். குட்டைக் கிடாரில் நீளக் கம்பியைப் போட்டால் அதன் தடித்த பகுதியே டியூனிங் கீயில் சுற்றிக்கொள்ளும். சுற்று பிரிந்து கம்பி செத்துப்போகும். நீளக் கிடாருக்குக் குட்டைக் கம்பி எட்டவே எட்டாது. அடுத்தது தடிமன். 45-65-85-105 என்று உறையில் போட்டிருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. இதுதான் பொதுவான செட். முன்பு வைத்திருந்தவர் இதைவிடத் தடித்த செட்டைப் போட்டிருந்தால் நெக் அந்த இழுப்புக்குப் பழகியிருக்கும், நட்டின் பள்ளமும் அந்த அகலத்துக்கு அறுபட்டிருக்கும். மெலிந்த கம்பிக்கு மாறியதும் நெக் பின்னால் சாய்ந்து பிரெட்டில் கம்பி உரசிக் கரகரக்கும். கிடாரே கெட்டுவிட்டதென்று அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. டிரஸ் ராடைக் கால் சுற்றுத் தளர்த்தி ஒருநாள் பொறுத்துப் பார்த்திருந்தால் போதும். இன்னொன்று: மிச்சமிருக்கும் நுனியை வெட்டுவதற்கு முன் கம்பியைச் செங்குத்தாக மடக்கிவிட வேண்டும். மடக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்று நழுவி ஒலி மங்கிப்போகும்.

பிறகு சுற்றின் வகை. தொடக்ககாலப் பேஸ்களில் தட்டையான நாடாவைச் சுற்றிய கம்பிகளே இருந்தன. உருண்டைக் கம்பியைச் சுற்றிய செட்டுகளை இங்கிலாந்தின் ரோட்டோசவுண்டு நிறுவனம் 1966-இல் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து மெருகேற்றிய பிறகுதான் கணீரென்ற பேஸ் ஒலி உலகெங்கும் பரவியது. இன்று எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது இந்த உருண்டைச் சுற்றுதான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் மேடைகளில் வாசிக்கப்படுபவை பெரும்பாலும் எண்பதுகளின் பாடல்கள். உருண்டு திரண்டு எழுந்து சட்டென்று அடங்கும் அந்த ஒலிக்கு அருகில் கொண்டுபோய் விடுவது தட்டைச் சுற்றுதான் என்பது என் காதின் தீர்ப்பு. ஊரின் வெக்கையும் அதற்குச் சாதகம். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா சமயத்தில் மேடையில் நின்று நான்கு மணி நேரம் வாசித்தால் விரல் வியர்வையின் உப்பும் அழுக்கும் உருண்டைச் சுற்றின் இடுக்குகளில் அடைந்துகொள்கின்றன. கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறிப்போகிறது. திறந்த கம்பி சுருதி சேர்ந்தாலும் பன்னிரண்டாம் பிரெட்டில் சேராது. தட்டைச் சுற்றில் அழுக்கு அடைய இடுக்கே இல்லை. பிரெட்டையும் அது அவ்வளவாகத் தேய்க்காது.

‘விரலில்தான் வித்தை, கம்பியில் என்ன இருக்கிறது’ என்பார்கள். இதற்கு அவர்கள் காட்டும் சாட்சி ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த அந்த மேதை, அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்ற மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் அவர் போட்டிருந்தது தடித்த தட்டைச் சுற்றுக் கம்பி. எதை மாற்றாமலே வைத்திருக்கலாம் என்று தெரிந்தெடுத்தவர் அவர். கிடாரோடு வந்த துருப்பிடித்த செட்டோடு காலம் தள்ளுவதற்கு அவரைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை. பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் வேகவைத்துப் போடும் சிக்கனமும் இருக்கிறது. அழுக்கு கரைந்து சில நாள் பளிச்சென்று கேட்கும், பிறகு பழைய கதைதான்.

கீபோர்டு வாதத்தில் ஓரளவு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காதுகுத்து வீட்டின் சின்னப் பந்தலுக்கு ஐந்து பேர் கொண்ட குழுவை யாரும் கூப்பிடமாட்டார்கள். இடது கைப் பேஸ் அங்கே போதும். ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதும், உள்ளங்கையால் ஒலியை அமுக்குவதும், விரல் இழுக்கும் வேகத்தில் சுரத்தின் நிறம் மாறுவதும் கம்பியின் காரியங்கள். பண்ணைப்புரத்துக்காரர் எழுதிய பேஸ் வரிகள் இவற்றை நம்பியே நிற்கின்றன. அவற்றைக் கட்டையில் தட்டினால் சுரம் இருக்கும், நடை இருக்காது.

செலவைப் பற்றிய ஆட்சேபம்தான் கனமானது. நல்ல செட்டுகள் பெரும்பாலும் இறக்குமதி. தட்டைச் சுற்றுக்கு உருண்டைச் சுற்றைவிடக் கூடுதல் விலை. மாதம் இரண்டு கச்சேரி கிடைக்கும் கலைஞருக்கு அது சுமைதான். ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை உருண்டைச் செட்டை மாற்றுவதைவிட, பல வருடம் தாங்கும் தட்டைச் செட்டை ஒரே முறை வாங்குவது கடைசியில் குறைந்த செலவாகவே முடியும். இடையூறு விலையைவிடச் சரக்கு இருப்பில்தான் அதிகம். வாங்குவார் இல்லை என்று கடைக்காரர் வைப்பதில்லை, கடையில் இல்லை என்று வாசிப்பவர் கேட்பதில்லை. தேனி, சின்னமனூர், கம்பம் வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களும் தேவாலயப் பாடகர் குழுக்களும் தங்கள் கிடார்களின் நீளத்தையும் வேண்டிய தடிமனையும் ஒரு தாளில் எழுதி, பத்துச் செட்டுக்குச் சேர்ந்து முன்பணம் கொடுத்தால் எந்தக் கடைக்காரரும் வரவழைத்துத் தருவார். திருவிழாக் கச்சேரிகள் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அதைச் செய்ய வேண்டும்; புதுக் கம்பி இழுபட்டுச் சுருதியில் நிற்கவும், நெக் அதற்குப் பழகவும் சில நாள் பிடிக்கும்.