நெற்றிச் சூடு தீர்ப்பாகாது
குழந்தையின் நெற்றிக்கு நேரே நீட்டும் அகச்சிவப்பு வெப்பமானி காட்டும் எண்ணை மட்டுமே நம்பி, காய்ச்சல் இல்லை என்று முடிவுகட்டும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். 2020-இல் கொரோனா பரவியபோது வாசல் சோதனைக்காகப் பெருகிய இக்கருவி, தொற்று தணிந்த பின்னும் பள்ளிகளிலும் கிளினிக்குகளிலும் வீடுகளிலும் நிலைத்துவிட்டது. அழும் குழந்தையைத் தொடாமல் நொடியில் அளக்கலாம் என்பது மெய்யான வசதியே. ஆனால், அது உணர்வது தோலிலிருந்து வெளிப்படும் கதிர்வீச்சை. திரையில் தெரியும் உடல்வெப்பம் அதிலிருந்து கணித்த மதிப்பீடு மட்டுமே. வெயிலில் நடந்து வந்த நெற்றி கூடுதலாகவும், வியர்த்து மின்விசிறிக் காற்றில் குளிர்ந்த நெற்றி குறைவாகவும் காட்டக்கூடும். பிடிக்கும் தூரம் மாறினாலும் எண் மாறும். காய்ச்சல் ஏறும் வேளையில் தோலின் ரத்தநாளங்கள் சுருங்குவதால், உள்ளே சூடு உயர்ந்தும் நெற்றி இயல்பாகத் தோன்றலாம். பிரிட்டனில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், நான்கு வாரம் நிறையாத சிசுவுக்கு அக்குளில் வைக்கும் மின்னணு வெப்பமானியையே பரிந்துரைக்கிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸே (100.4 டிகிரி ஃபாரன்ஹீட்) தாமதமின்றி மருத்துவரிடம் செல்லப் போதுமான காரணம்; அங்கே அரை டிகிரி பிழையும் ஆபத்தே. எனவே, இக்கருவியை முதற்கட்டச் சல்லடையாக மட்டும் பயன்படுத்தி, ஐயம் எழும்போது அக்குளில் அளந்து உறுதிசெய்வதைப் பள்ளிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தையை, எண் இயல்பாக இருக்கிறது என்று சொல்லி எவரும் திருப்பி அனுப்பக் கூடாது.