அந்த உப்பு எங்கே போகிறது?



சென்னைக்குத் தண்ணீர் தரும் நெம்மேலி கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் பற்றிய கட்டுரை ஒன்று இந்த இதழில் வருகிறது. அச்சுக்குப் போகும் முன், மெய்ப்புப் பார்த்த இளம் தோழி ‘உப்பை நீக்கி’ என்ற சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘நீக்கிய உப்பை எங்கே கொட்டுகிறார்கள்?’

நல்ல கேள்வி. கட்டுரையில் அதற்கு இடம் போதவில்லை. அதனால் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

‘நீக்கி’ என்று படித்ததும், உப்பைத் தனியே பிரித்து எங்கோ மூட்டை கட்டி வைப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். நெம்மேலியில் உப்பு மூட்டை எதுவும் இல்லை. அங்கே நடப்பது வேறு. கடலிலிருந்து குழாயில் வரும் நீரை மணல், பாசி, தூசு போக வடிகட்டுகிறார்கள். பிறகு காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 60 மடங்கு அழுத்தம் கொடுத்து, நீண்ட குழல்களுக்குள் சுருட்டி வைத்த சவ்வின் மேல் செலுத்துகிறார்கள். சவ்வு தண்ணீருக்கு வழி விடும், உப்புக்கு விடாது. உப்பு இந்தப் பக்கமே நின்றுவிட, தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேருகிறது. சரியாகச் சொன்னால், தண்ணீரிலிருந்து உப்பை எடுப்பதில்லை. உப்பிடமிருந்து தண்ணீரைப் பிரித்து எடுக்கிறார்கள்.

எல்லாத் தண்ணீரையும் பிரித்துவிடவும் முடியாது. பிழியப் பிழிய மிச்சநீரின் உப்பு ஏறும், அதற்கேற்ப அழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். அதனால் உள்ளே வருவதில் பாதிக்கும் குறைவாகத்தான் நல்ல தண்ணீராகிறது. மீதி, ஏறக்குறைய இரு மடங்கு கரிப்போடு கடலுக்கே திரும்புகிறது. தோழியின் கேள்விக்கு விடை இதுதான்: உப்பு எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. 2013இல் திறக்கப்பட்ட நெம்மேலி முதல் நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அந்தப் பத்துக் கோடி லிட்டரோடு வீடுகளுக்கு வந்திருக்கக்கூடிய 3,500 டன் உப்பு, மிச்சநீரோடு கரையோரக் கடலுக்குள் போகிறது. ஒவ்வொரு நாளும்.

அது கடலின் சொந்த உப்புதானே என்று கேட்கலாம். உண்மைதான். வங்கக் கடல் முழுவதையும் வைத்துப் பார்த்தால் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் செறிந்த உப்புநீர் கனமானது. நன்றாகக் கலக்க வழி செய்யாவிட்டால் அடியில் படியும். அங்கேதான் சிறு உயிர்களும் மீன்குஞ்சுகளும் இருக்கின்றன. நெம்மேலியை ஒட்டிய சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள், நிலையம் வந்த பிறகு கரை அரிக்கிறது, மீன்பாடு குறைகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். குடிநீர்த் திட்டத்தின் அறிக்கைகளில் அவர்கள் சொல்வதற்கும் இடம் இருக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் அந்தக் கடலை அளந்துவிட முடியாது.

இந்தச் சவ்வின் கதையில் நமக்குப் பழகிய பெயர் ஒன்று வருகிறது. உப்பைத் தடுக்கும் சவ்வுகள் முன்பே இருந்தன. ஆனால் அவற்றின் வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 1950களின் இறுதியில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் இருவரும் செல்லுலோஸ் அசிட்டேட்டில் மெல்லிய மேல்தோல் கொண்ட ஒரு சவ்வைச் செய்தார்கள். தண்ணீர் வேகமாக இறங்கத் தொடங்கியது. நம் சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. பெட்டியும் அந்த வழியில் வந்ததுதான்.

சவ்வே இல்லாத வழியும் உண்டு. லட்சத்தீவின் கவரத்தியில் ஆறு கிடையாது. பவளத் தீவின் மணலுக்கடியில் மழைநீர், கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கொஞ்சம் அதிகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் ஒரு நிலையத்தை அமைத்தது. கடலின் மேல்மட்ட நீர் சுமார் 28 டிகிரி. அதை வெற்றிடத்துக்குள் விட்டால் அந்த மிதமான சூட்டிலேயே ஒரு பகுதி ஆவியாகிறது. ஏறக்குறைய 350 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்து வந்த 12, 13 டிகிரிக் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களில் அந்த ஆவி பட்டு, சோற்றுப்பானை மூடியில் முத்து முத்தாகக் கோப்பதுபோல நல்ல தண்ணீராகிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். சென்னைக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் ஒரு சிறு தீவுக்கு அது பெரிய வரம். இதில் ஆவியாவது மிகச் சிறு பகுதிதான் என்பதால், திரும்பும் நீரின் கரிப்பும் அதிகம் ஏறுவதில்லை.

மண்ணிலிருந்தும் உப்பை நீக்குகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து வயல்களில் உப்புப் பூத்துக் கிடந்தது. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்ததும், ஜிப்சம் இட்டதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுததும் அந்த நிலங்களை மீட்டன. அங்கே பெரிய வேலையைச் செய்தது வடகிழக்குப் பருவமழை. அதற்கு மின்கட்டணம் இல்லை.

நெம்மேலிக்கு உண்டு. கடல்நீரிலிருந்து 1,000 லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். 10 கோடி லிட்டருக்கு மூன்று, நான்கு லட்சம் யூனிட் ஆகிறது. சவ்வைத் தாண்டி வரும் நீரை அப்படியே அனுப்பவும் முடியாது. அதில் கால்சியம் இல்லை, ருசியும் இல்லை, குழாயை அரிக்கும். சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துத்தான் விடுகிறார்கள்.

இவ்வளவும் சொல்வது அந்த நிலையங்கள் வேண்டாம் என்பதற்காக அல்ல. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, மீஞ்சூர், நெம்மேலி நிலையங்கள் நகரத்துக்குத் தண்ணீர் தந்துகொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் நிலையம் ஒன்றும் சேர்ந்தது. பேரூரிலும் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு வேலை தொடங்கியது. மழை பொய்த்த ஆண்டில் கடல் கைகொடுக்கும். ஆனால் மழை பெய்கிற ஆண்டில் அந்த மழையை ஏரியில் பிடித்து வைப்பதைவிட மலிவான நல்ல தண்ணீர் எதுவும் இல்லை. ஏரியைத் தூர் வாரும் பணத்தையும் கடலோரத்துக்கே திருப்பிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டுரையில் ‘உப்பை நீக்கி’ என்பதை அப்படியே விட்டுவிட்டோம். எல்லோருக்கும் புரிகிற சொல். கூடவே, மிச்சநீர் எங்கே போகிறது என்று ஒரு பத்தியைக் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறோம்.

சென்னைக்கு முன்பே ராமநாதபுரம் மாவட்டம் நரிப்பையூரில் இப்படியொரு நிலையம் வந்தது. அந்தப் பக்கத்து வாசகர்கள், குறிப்பாகக் குடம் சுமந்த பெண்கள், எங்களுக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தண்ணீர் உங்கள் தெருவுக்கு எவ்வளவு நாள் வந்தது, இப்போது எதைக் குடிக்கிறீர்கள், ஒரு குடம் என்ன விலை? கையெழுத்தில் ஒரு பக்கம் போதும். வருகிற கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்